ரப்பர் ஆன்டெனாவா, இன்ச் டேப்பா, பழைய டிஷ்ஷா?

கடலூரில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து கிழக்கே வங்கக்கடல் வரை தடுப்பே இல்லை. மேற்கே அடுத்த வீட்டின் தண்ணீர்த் தொட்டி. குறைந்த செலவில் செயற்கைக்கோள் வழியே பேச நினைப்பவருக்கு எது சரிப்படும் என்பதில் பாதியை இந்த இரு திசைகளே முடிவு செய்துவிடுகின்றன.

ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமமும் ஐந்து வாட் கைக்கருவி ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கருவியோடு வரும் ரப்பர் ஆன்டெனாவிலேயே சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டரை, அதாவது கேட்ட குரலை வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் கருவியை, கேட்டுவிடலாம். சுமார் 400 கி.மீ. உயரத்தில்தான் போகிறது. பேசிப் பிடிப்பது அதிர்ஷ்டம். எஸ்ஓ-50 என்ற ஹாம் செயற்கைக்கோள் அனுப்புவதோ கால் வாட். அதற்கு ரப்பரை நம்பிக் காத்திருப்பது வீண்.

இன்ச் டேப்பை வெட்டி, பிவிசி குழாயில் பொருத்தி, ஒரே திசையை நோக்கும் யாகி ஆன்டெனா செய்துகொண்டால் நிலைமையே வேறு. பற்றவைக்கும் இடத்தில் மஞ்சள் பெயின்ட்டை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். நான் முதலில் சோம்பல்பட்டு, பாஸின் (செயற்கைக்கோள் நம் வானைக் கடக்கும் நேரத்தின்) நடுவே கம்பி கழன்று நின்றேன். விண்வெளி நிலையம் 145.990 மெகாஹெர்ட்ஸில், 67 ஹெர்ட்ஸ் டோனோடு (குரலுடன் சேர்ந்து போகும் மெல்லிய ஒலி) வரும் குரலைக் கேட்டு, 437.800-இல் திருப்பிச் சொல்கிறது. நிலையத்தின் வேகத்தால், நெருங்கி வருகையில் 437.810-இல் கேட்கும் குரல், விலகுகையில் 437.790-க்கு இறங்கிவிடும். ஐந்து கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஐந்து அலைவரிசைகளைக் கருவியின் மெமரியில் பதிந்தால் போதும். குரல் மங்கினால் ஆன்டெனாவைப் பிடித்த மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். கீழே தெருவிலிருந்து, "என்ன தம்பி, கேபிள் வரவில்லையா?" என்பார்கள்.

ஆர்எஸ்-44 போன்ற, எஸ்எஸ்பி (குறுகிய அலைப்பட்டையில் குரலை அனுப்பும் முறை) செயற்கைக்கோள்களில் பாஸ் நீளம், நெரிசல் குறைவு. 2005-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறி 2014-இல் ஓய்ந்த நம் ஹாம்சாட்டும் இந்த வகைதான். ஆனால் எஸ்எஸ்பி கருவியின் விலை சிறிய பட்ஜெட்டுக்கு அடங்காது.

கியூஓ-100 என்ற ஹாம் ரிலே நம் வானில் நகர்வதே இல்லை. 2018-இல் ஏவப்பட்ட கத்தாரின் எஸ்ஹைல்-2 செயற்கைக்கோளில் இருக்கிறது. இங்கிருந்து மேற்கே, அடிவானத்துக்குச் சுமார் 27 பாகை மேலே. கழற்றிப் போட்ட டிடிஎச் டிஷ், அதன் முன்னே நிற்கும் வாங்கியான எல்என்பி, கணினியில் செருகும் யுஎஸ்பி ரிசீவர் இருந்தால் நாள் முழுக்கக் கேட்கலாம். எனக்குத் தொட்டி மறைத்ததால் கைப்பிடிச் சுவரின் மூலைக்கு டிஷ்ஷை மாற்றினேன். பேசுவதற்கோ 2.4 கிகாஹெர்ட்ஸில் தனி ஏற்பாடு வேண்டும். செலவு அங்கேதான் எகிறுகிறது. காதுக்கு மட்டும் என்றால் இதற்கு இணை இல்லை.

பேசுவதற்கு என் ஓட்டு டேப் யாகிக்கே. விலை உயர்ந்த ஒரே கருவியைவிட மலிவான இரண்டு கைக்கருவிகள் மேல். ஒன்றில் பேசியபடியே மற்றதில் நம் குரல் மேலே சென்று திரும்புவதைக் கேட்கலாம். ஒரு தொல்லை உண்டு. 145.990-இன் மும்மடங்கு 437.970, அதாவது நாம் கேட்கும் அலைவரிசைக்குப் பக்கத்து வீடு. கருவிகளை ஒட்டி வைத்தால் கேட்கும் கருவி செவிடாகிவிடும். ஆன்டெனாக்களைக் குறுக்கும் நெடுக்குமாகத் தள்ளி வைத்து, சக்தியைக் குறைத்துப் பேசினேன். என் அழைப்புக்குறி எனக்கே கேட்டது.