நன்னீர் மீன்தொட்டியில் உப்பு: எப்போதுமா, நோய்க்கு மட்டுமா?

நன்னீர்த் தொட்டியில் எப்போதும் சிறிது உப்பைக் கரைத்து வைப்பது ஒரு முறை. நோய் கண்ட மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி, அங்கு மட்டும் உப்பிடுவது மற்றொன்று. முதலாவது மோலி மீனுக்குப் பொருந்தலாம். கோரிடோராஸ் மீன்களுக்கும் பல நீர்ச்செடிகளுக்கும் அது ஒத்துவராது. மேலும், நீர் ஆவியாகும்போது உப்பு உடன் செல்வதில்லை என்பதால், குறைந்த நீரை ஈடுகட்டும் போதெல்லாம் மீண்டும் உப்பிடுபவரின் தொட்டியில் செறிவு ஏறிக்கொண்டே போகும். மூடியின் விளிம்பில் வெண்துகள் பூத்த பிறகுதான் பலர் விழித்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது முறையையே நான் விரும்புகிறேன்: லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை உப்பைத் தனியே கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மீன் தேறியதும் நீரை மாற்றிவிடலாம். மீன் கழிவிலிருந்து உருவாகும் நச்சான நைட்ரைட் ஏறிய தொட்டி இதற்கு விதிவிலக்கு: அங்கு அந்தத் தொட்டியிலேயே உப்பிடலாம். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் உட்புகுவதைக் குறைக்கிறது.