ஐந்து பேரும் ஏறிய பிறகு தெரிந்த கார்: 18 மாத அனுபவம்

வாங்கி 18 மாதங்கள் ஆகிவிட்டன. 24,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இருந்தும் இந்தக் காரைப் பற்றி யாராவது கேட்டால், வாங்கிய இரண்டாம் மாதத்தில் குடும்பத்தோடு சென்ற மலைப் பயணத்திலிருந்தே பேச்சைத் தொடங்குகிறேன். டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின், ஐந்து கியர்கள் கொண்ட மேனுவல் வகை. வாங்குவதற்கு முன் விற்பனைப் பிரதிநிதியை அருகில் வைத்துக்கொண்டு சமதளச் சாலையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, ‘போதுமான இழுவை இருக்கிறது, பின்பக்கம் மட்டும் சற்றுத் தூக்கிப் போடுகிறது’ என்று முடிவு கட்டியிருந்தேன். மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள், நான்கு நாளுக்கான பெட்டிகள் எல்லாம் ஏறிய பிறகு அந்த இரண்டு முடிவுகளுமே தவறாகிப்போயின.

பயணத்துக்கு முன்பே முதல் சர்வீஸ் முடிந்திருந்தது. முதல் 1,000 கிலோமீட்டருக்கு என்ஜினை அதிகம் முடுக்க வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டவும் வேண்டாம் என்று கையேடு சொன்னதைக் கடைப்பிடித்திருந்ததால், மலையில் என்ஜினை முழுமையாக வேலை வாங்கத் தயக்கம் இல்லை. வேலை வாங்க வேண்டியும் வந்தது. ஏறத்தாழ 900 கிலோ எடையுள்ள வண்டியில் ஆட்களும் பெட்டிகளுமாக 300 கிலோ ஏறினால், மூன்றில் ஒரு பங்கு எடை கூடுகிறது. அதோடு, டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் பத்து சதவீத ஆற்றலை இழக்கும். மேலே காற்றின் அடர்த்தி குறைவதே காரணம். ஆகவே 2,000 மீட்டர் உயரத்தில், ஐந்து பேரைச் சுமந்துகொண்டு, ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலை இழந்த என்ஜினோடு கொண்டை ஊசி வளைவில் நின்று புறப்படுவது சோதனை ஓட்டத்தில் கண்ட அனுபவமே அல்ல. இரண்டாம் கியரில் வளைவுக்குள் நுழைந்து, வேகம் செத்துவிட்டதை உணர்ந்து, முதல் கியருக்கு இறங்கித் தப்பித்த வளைவுகள் பல. ஏற்றத்தில் நின்று புறப்படும்போது சில விநாடிகள் பிரேக்கைத் தானே பிடித்துக்கொள்ளும் வசதி இருந்தது. அதை விளம்பர அலங்காரம் என்று நினைத்திருந்த நான், மூன்றாவது வளைவிலேயே கருத்தை மாற்றிக்கொண்டேன்.

பின்பக்கக் குலுக்கல் விஷயம் நேர் எதிராக முடிந்தது. சுமை ஏறியதும் பின் ஸ்பிரிங்குகள் அழுந்தி வண்டி நிதானமாக உட்கார்ந்துவிட்டது. தனியாக ஓட்டும்போது கடினமாகத் தோன்றிய சஸ்பென்ஷன் முழுச் சுமையை எண்ணி வடிவமைக்கப்பட்டது என்பது அப்போதுதான் புரிந்தது. டயர் காற்றையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இரண்டு அளவுகள் உள்ளன: வழக்கமான ஓட்டத்துக்கு 33 பி.எஸ்.ஐ., முழுச் சுமைக்குப் பின் சக்கரங்களில் 36. டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்தால்தான் அந்த எண்களுக்குப் பொருள் உண்டு. ஒருமுறை சர்வீஸ் செய்த இடத்தில் நான்கு சக்கரங்களிலும் 40 வைத்து அனுப்பிவிட்டார்கள்; வண்டி ஏன் கட்டை வண்டிபோல் அதிர்கிறது என்று இரண்டு வாரம் குழம்பினேன்.

இறக்கத்தில் நடந்த தவறு முழுக்க என்னுடையது. ஏறும்போது பட்ட பாட்டுக்கு ஈடாக, இறங்கும்போது மூன்றாம், நான்காம் கியரில் வண்டியை விட்டுவிட்டு, பிரேக்கில் காலை வைத்தபடியே காட்சிகளைக் காட்டிக்கொண்டு வந்தேன். பாதி மலை இறங்கியபோது கருகல் வாடை வந்தது. மிதியும் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கத் தொடங்கியிருந்தது. அகலமான ஓரம் பார்த்து நிறுத்தி, அரை மணி நேரம் சக்கரங்களை ஆறவிட்டோம். பிள்ளைகள் அதைப் பள்ளத்தாக்கு பார்க்கக் கிடைத்த இடைவேளை என்றே இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய ஓட்டுநர்களின் விதியை அதன்பின் மீறியதில்லை. கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இந்தக் காலத்து என்ஜின்கள் எரிபொருள் பாய்வதையே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் இறங்கினால்தான் என்ஜினை அணையாமல் வைக்கப் பெட்ரோல் செலவாகிறது. சிக்கனம் என்று நினைத்து நியூட்ரலில் இறங்குபவர்கள் பாதுகாப்பையும் பெட்ரோலையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

டேங்கை முழுவதும் நிரப்பி மீண்டும் நிரப்பும் முறையில் கணக்கிட்டால், சமதள நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 18 கிலோமீட்டரும், ஏற்றத்தில் மட்டும் 11-உம், ஏறி இறங்கிய மொத்தப் பயணத்தில் 15-உம் கிடைத்தன. திரையில் தெரியும் எண் எப்போதும் ஒன்றோ ஒன்றரையோ கூடுதலாகவே காட்டுகிறது.

உள்ளே இருந்தவர்களின் அனுபவம் வேறு. முதல் பயணத்தில் அம்மாவைப் பின் இருக்கையின் நடுவில் உட்கார வைத்தது பெரிய பிழை. உடல் வளைவை உணர, கண்ணோ முன் இருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டல் வருவது இயல்பு. புதுக் காரின் உள்வாடையும் அதற்குத் துணை நின்றது. முன் இருக்கைக்கு மாற்றி, சாலை தெரியும்படி அமர வைத்து, கண்ணாடியைச் சற்று இறக்கியதும் அம்மா தேறிவிட்டார். பின்னால் கைப்பேசியில் மூழ்கியிருந்த பெரியவனுக்கு அதே தொல்லை அடுத்து வந்தது. கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டதைத் தவிர வேறு மருந்து தேவைப்படவில்லை.

குறைகளில் முதன்மையானது முன் கண்ணாடியின் ஓரத் தூண். அது தடிமனாக இருப்பதால், கூரிய வளைவில் எதிரே வரும் இருசக்கர வாகனம் முழுதாக அதற்குள் மறைந்துவிடுகிறது. இருக்கையில் முன்னும் பின்னும் சாய்ந்து பார்த்தே திரும்ப வேண்டியிருக்கிறது. இரண்டாவது, ஏசிக் கட்டுப்பாடுகளைத் தொடுதிரைக்குள் புதைத்திருப்பது. பனிமூட்டத்தில் உள்கண்ணாடி மங்கும்போது ஏசியோடு வெப்பக் காற்றையும் சேர்த்து விட்டால் நொடிகளில் தெளிந்துவிடும். ஆனால் அதற்காகச் சாலையிலிருந்து கண்ணை எடுத்து மூன்று இடங்களில் தொட வேண்டும். ஒரு திருகு குமிழ் போதுமே! மாற்றுச் சக்கரம் பெட்டிகளுக்கெல்லாம் அடியில் இருக்கிறது என்பதை, ஒருமுறை பஞ்சராகி எல்லாவற்றையும் சாலையோரத்தில் இறக்கி வைத்தபோதுதான் உணர்ந்தோம்.

முதல் பயணத்துக்குப் பின் இன்னும் மூன்று முறை மலை ஏறியாயிற்று. சென்ற மாத சர்வீஸில் பிரேக் பட்டைகள் பாதிக்கு மேல் மிச்சம் இருப்பதாகச் சொன்னார்கள். என் தங்கை இப்போது கார் வாங்கப் போகிறாள். சோதனை ஓட்டத்துக்கு அவளோடு நாங்கள் ஐந்து பேருமே போவதாக இருக்கிறோம், விற்பனைப் பிரதிநிதிக்கு இடம் இருக்குமா என்பதுதான் தெரியவில்லை.