பழைய டெஸ்க்டாப்பில் ஓபன்மீடியாவால்ட்: சேலம் வீட்டுக்குத் தாங்குமா?

பத்துப் பன்னிரண்டு வருஷமான லினக்ஸ் டெஸ்க்டாப்பை எடைக்குப் போடுவதற்கு முன், அதில் ஓபன்மீடியாவால்டைப் போட்டுப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டரை, வீட்டில் எல்லோரும் ஃபைல் வைத்து எடுக்கும் சர்வராக மாற்றும் இலவச மென்பொருள் இது. டெபியன் என்ற லினக்ஸ் மேல் கட்டியது. 7-ஆம் பதிப்பு டெபியன் 12-ன் மேல் ஓடுகிறது. மெஷினுக்கு மானிட்டரும் கீபோர்டும் வேண்டாம். வேறொரு கம்ப்யூட்டரின் பிரவுசரில் இருந்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். குடும்ப போட்டோ, கல்யாண வீடியோ, கொலுசுப் பட்டறையின் டிசைன் ஃபைல் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். போன், லேப்டாப், டிவி எதிலும் திறக்கும். மென்பொருளாகப் பார்த்தால் பெரிய குறை சொல்ல ஒன்றுமில்லை. சேலத்தில் படுத்துவது கரண்ட்டும் வெயிலும்.

64 பிட் பிராசஸர், 4 ஜிபி ராம் இருந்தால் போதும். இரண்டாம் தலைமுறை ஐ3 தாராளம். கோர் 2 டுயோவிலும் ஓடும், ஆனால் கரண்ட் பில்லைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 30 வாட் இழுக்கும் மெஷின் இரண்டு மாதத்தில் 43 யூனிட் எடுக்கும். 60 வாட் இழுத்தால் 86 யூனிட். இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். ஏற்கெனவே 450 யூனிட் ஓடும் வீடு இதனால் 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கழற்றிவிடுங்கள், டிவிடி டிரைவையும்தான். சர்வருக்கு அவை வீண் செலவு.

இன்ஸ்டால் செய்யும்போது ஒன்றை மறக்கக் கூடாது. எந்த டிஸ்க்கில் போடுகிறீர்களோ அதை முழுசாக இது எடுத்துக்கொள்ளும். அதே டிஸ்க்கில் நம் ஃபைல்களுக்கு இடம் தராது. 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைச் சிஸ்டத்துக்கென்று தனியாகக் கொடுங்கள். போட்டோ இருக்கும் ஹார்டு டிஸ்க்கின் சாட்டா கேபிளை இன்ஸ்டால் முடியும்வரை உருவி வைத்துவிடுங்கள். டிஸ்க் பெயரைத் தவறாகத் தேர்ந்தெடுத்து ஒரு என்டர் தட்டினால் பத்து வருஷப் படங்கள் போய்விடும். இன்னொன்று, உபுண்டு அல்லது மின்ட் டெஸ்க்டாப் ஓடும் சிஸ்டத்தின் மேலேயே இதைப் போட முடியாது. அந்த டெஸ்க்டாப்பும் வேண்டும் என்பவர்கள் ஃபைல்களை நெட்வொர்க்கில் பகிரும் சம்பா என்ற மென்பொருளை மட்டும் நிறுவிக்கொள்வது நல்லது.

முதல் நுழைவுக்குப் பயனர் பெயர் அட்மின், பாஸ்வேர்டு மென்பொருளின் பெயரேதான். இது உலகத்துக்கே தெரியும் என்பதால் உடனே மாற்றுங்கள். புதிதாகப் போடுபவர்கள் திணறும் இடம் ஒன்று உண்டு. யூசர், ஷேர் (பகிரும் ஃபோல்டர்) எல்லாம் உருவாக்கியிருப்பார்கள், ஆனால் எந்த லேப்டாப்பிலும் ஒன்றும் தெரியாது. திரையின் மேலே மஞ்சள் பட்டை ஒன்று நிற்கும். அதில் இருக்கும் டிக் குறியை அழுத்தும்வரை செய்த மாற்றம் எதுவும் அமலுக்கு வராது. இன்னும் பளிச்சென்று காட்டியிருக்கலாம்.

இனி கரண்ட். பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் மாலைதான் வரும். வந்த பிறகு சர்வர் தானாக எழுந்திருக்க வேண்டும். மெஷின் எழும்போது முதலில் ஓடும் பயாஸ் அமைப்பில், மின்தடைக்குப் பிறகு என்ன செய்வது என்று கேட்கும் இடத்தில் ‘பவர் ஆன்’ என்று வையுங்கள். அப்படி வைத்தும் எழவில்லை என்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் செல்லைச் சந்தேகப்படுங்கள். பத்து வருஷ மெஷினில் அது பெரும்பாலும் செத்திருக்கும். பிளக்கில் கரண்ட் போனதும் பயாஸ் அமைப்பு அழிந்து, தேதியும் பழையதாகி, எஃப் 1 அழுத்தச் சொல்லி மெஷின் காத்து நிற்கும். மானிட்டர் இல்லாததால் அந்தக் கேள்வி யார் கண்ணிலும் படாது. சர்வர் கெட்டுவிட்டது என்றே நினைப்பீர்கள். புதுச் செல் போட்டால் சரியாகிவிடும். கீபோர்டு இல்லை என்று நிற்காமல் இருக்கவும் பயாஸிலேயே வழி உண்டு.

யுபிஎஸ் கட்டாயம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் சிதையும். வாங்கும்போது பின்னால் யுஎஸ்பி போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால்தான் நட் என்ற பிளக்இன் பேட்டரி இறங்குவதை அறிந்து சர்வரை ஒழுங்காக அணைக்கும். அந்த போர்ட் இல்லாத யுபிஎஸ் சில நிமிஷ அவகாசம் மட்டும் தரும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அதில் யுபிஎஸ் மோடு இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மாறும் நொடியில் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளை பெட்டி) கழற்றாமல் மதர்போர்டை மட்டும் டார்ச் அடித்துப் பாருங்கள்: கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் அந்த போர்டை நம்ப வேண்டாம்.

ஃபைல் மெதுவாக நகர்ந்தால் பிராசஸரைக் குறை சொல்லாதீர்கள். கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 எம்பி வரை வரும், 10 ஜிபி வீடியோ ஒன்றரை நிமிஷத்தில் முடியும். அதே வீடியோ கால் மணி நேரம் ஓடினால் இணைப்பு 100 மெகாபிட்டில் நிற்கிறது என்று அர்த்தம். கிகாபிட்டுக்குக் கேபிளின் எட்டுக் கம்பியும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் வேகம் பத்தில் ஒன்றாகும். ரவுட்டரின் எல்லா போர்ட்டும் கிகாபிட் இல்லாமலும் இருக்கலாம்.

விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் ஷேர் பெரும்பாலும் திறக்காது. ஆளுக்கொரு யூசர் உருவாக்குங்கள். ஃபைல் பகிரும் எஸ்எம்பி முறையின் பழைய வடிவமான எஸ்எம்பி 1 மட்டும் தெரிந்த டிவி பாக்ஸும் இணையாது, அதற்காகப் பாதுகாப்பைத் தளர்த்த வேண்டாம். தமிழில் ஃபைலுக்குப் பெயர் வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி: லினக்ஸ் டிஸ்க்குகளில் வழக்கமான எக்ஸ்ட் 4 ஃபைல் சிஸ்டத்தில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. ‘சேலம்’ என்ற மூன்றெழுத்தே 15 பைட் எடுக்கும். ஆக, ஐம்பது எழுத்தைச் சுற்றியே எல்லை வந்துவிடும். விண்டோஸில் இருக்கும் நீளமான பெயர் இங்கே காப்பி ஆகாமல் நின்றால் காரணம் இதுதான், டிஸ்க் பழுதில்லை.

பணத்தை டிஸ்க்கில் போடுங்கள். பழைய டிஸ்க்கை வைத்துக்கொள்வதானால் டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அட்டவணையில் 5, 197 என்ற இரண்டு எண்களுக்கான மதிப்பைப் பாருங்கள். டிஸ்க்கில் பழுதான, சந்தேகமான இடங்களின் கணக்கு அவை. இரண்டும் பூஜ்ஜியமாக இல்லாவிட்டால், அதிலும் வாரா வாரம் ஏறினால், அதில் எதையும் வைக்காதீர்கள். புதிதாக வாங்கினால் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத) வகையா என்று கேளுங்கள். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்எம்ஆர் டிஸ்க்குகள் பெரிய அளவில் தொடர்ந்து எழுதும்போது துவண்டுவிடும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் ஃபைல் தப்பும்படி வைக்கும் ரெய்டு அமைப்பை மறுபடி கட்டும்போது மிகவும் சிரமம். ஏப்ரல், மே வெயிலில் பரணில் வைத்த கேபினட்டுக்குள் டிஸ்க் சூடு 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். தரைமட்டத்தில், காற்றோட்டமாக, முன்னால் 120 மில்லிமீட்டர் ஃபேனோடு வையுங்கள்.

ஏற்காட்டில் வெயில் தொல்லை இல்லை, ஈரம்தான் எதிரி. பனி மூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வரும் வீட்டில் பல நாள் அணைத்து வைத்த மெஷின் பீப் அடித்துக்கொண்டே நிற்கும். ராமைக் கழற்றி, பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் தட்டிவிட்டு மாட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும். கோடை இடியின்போது பவர் வயரோடு நெட்வொர்க் கேபிளையும் உருவுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமென்று ரவுட்டரில் ஃபைல் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறக்கவே திறக்காதீர்கள். வயர்கார்டு என்ற விபிஎன் வழியாக வாருங்கள். ரெய்டு இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று நினைக்கவும் வேண்டாம்; ஒரே ஃபைலை இரண்டு டிஸ்க்கில் வைத்தாலும் தவறுதலாக அழித்த ஃபோல்டர் இரண்டிலும் ஒரே நேரத்தில் அழியும். மாதம் ஒருமுறை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, கேபிளை உருவி, அதை ஆத்தூரிலோ ஓமலூரிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டு பீரோவில் வையுங்கள்.