பதினாறு சுற்றுக்கு நாற்பத்து மூன்று: என் ஜீப்பின் கிரவுன் பினியன் கதை

2014இல் அந்த மகிந்திரா எம்எம்540 ஜீப்பை வாங்கியபோது நான் பார்த்தவை எஞ்சின், துரு, ஆர்சி புத்தகம் ஆகிய மூன்றும்தான். ஆக்சிலுக்குள் சக்கரங்களைச் சுற்றவைக்கும் கிரவுன், பினியன் என்ற பல்சக்கர ஜோடி எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் விற்றவருக்குத் தெரிந்திருக்காது. அவருக்கு முன்னால் நான்கு பேர் ஓட்டியிருந்தார்கள். நான்கு பேரும் பழைய உதிரிபாகங்களுக்காகச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய் வந்திருப்பார்கள்.

முதல் துப்பு ஸ்பீடோமீட்டரில் இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முள் 60ஐக் காட்டும்போது கைப்பேசியின் ஜிபிஎஸ் 66 என்றது. டயர் பழைய அளவுதான். மீட்டர் பழையது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். உள்ளூர ஒரு சந்தோஷம் வேறு: இந்த வயதிலும் எஞ்சின் எவ்வளவு அலட்டிக்கொள்ளாமல் ஓடுகிறது என்று. இந்த ஜீப்பில் மீட்டருக்கான இணைப்பு, எஞ்சினின் சுழற்சியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸிலிருந்து போகிறது. அதாவது மீட்டர் எண்ணுவது சக்கரத்தை அல்ல, அங்கிருந்து ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட்டை. ஷாஃப்ட் குறைவாகச் சுற்றியும் சக்கரம் அதிகமாக ஓடுகிறது என்றால் நடுவில் இருக்கும் கிரவுனை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அன்று அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது.

இரண்டாவது துப்பு சத்தமாக வந்தது. செய்யூர் அருகே மைத்துனருக்கு ஒரு சவுக்குத் தோப்பு உண்டு. முழுக்க மணல். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுத் தோப்பைச் சுற்றி வந்தோம், எந்தத் தொந்தரவும் இல்லை. அதே நிலையில் தார்ச் சாலையில் ஏறி ஐம்பது அடி போயிருப்பேன். யாரோ கீழிருந்து கயிறு கட்டி இழுப்பது போல வண்டி தயங்கியது. லிவரை விடுவிக்கப் பார்த்தால் அசையவில்லை. எதிரே வந்த டிராக்டர்காரர் இறங்கி வந்து, “அண்ணே, முறுக்கிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச தூரம் பின்னால் எடுங்கள்” என்றார். பொறுமையில்லாமல் நான் முன்னாலேயே அழுத்தினேன். முன் ஷாஃப்ட்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் உடைந்து, ஷாஃப்ட் தரையில் மோதியது.

சைதாப்பேட்டையில் நான் வண்டி விடும் மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். உடைந்த கிராஸைப் பார்த்துவிட்டு, “சார், முன்னாலும் பின்னாலும் ஒரே கிரவுன்தானா? எண்ணிப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மடிப்பாக்கத்தில் வீட்டு வாசலில் எண்ண உட்கார்ந்தேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நான் இதில் ஒரு முறை ஏமாந்தேன்.

ஆக்சில் விகிதம் என்பது கிரவுன் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வரும் எண். 43 பல் கிரவுன், 8 பல் பினியன் என்றால் 5.375; அதையே 5.38 என்பார்கள். 39க்கு 8 என்றால் 4.88. சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதே அதன் பொருள். சில ஆக்சில்களில் பின் மூடியின் போல்ட்டில் ஒரு தகடு தொங்கும், பல் எண்ணிக்கை அதில் அடித்திருக்கும். என் ஜீப்பில் தகடு இல்லை. இருந்தாலும் நம்பியிருக்கக் கூடாது. தகட்டை மாட்டியவர்தான் உள்ளே இருப்பதையும் மாட்டினார் என்பதற்கு என்ன சாட்சி?

மூடியைக் கழற்றாமல் எண்ண வேண்டுமானால் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்க வேண்டும். கியர் நியூட்ரலில், டிரான்ஸ்பர் கேஸும் நியூட்ரலில். கைப்பிரேக்கையும் விடுவிக்க வேண்டும். பழைய ஜீப்களில் அது டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும், போட்டுவைத்தால் ஷாஃப்ட் சுற்றாது. கைப்பிரேக் இல்லாத வண்டி ஜாக்கியின் மேல் நிற்கிறது என்பதை மறக்காமல், மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கனமான மரக்கட்டை. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள். ஆக்சிலுக்குக் கீழே தாங்கி வேண்டும்.

டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, ஷாஃப்ட்டில் ஒரு கோடு. நான் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் “இரண்டரைகூட இல்லை அப்பா” என்றாள். இரண்டரையா? ஜீப்பில் அப்படி ஒரு கிரவுன் கிடையாதே என்று குழம்பிப்போனேன். தப்பு என்னுடையது. ஒரு சக்கரம் தரையில் அழுந்தி நிற்கும்போது, சாதாரண டிஃபரன்ஷியலில் (இரண்டு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதி) தூக்கிய சக்கரம் இரண்டு சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று வரும். ஆகவே சக்கரத்தை இரண்டு சுற்ற வேண்டும். அப்போது ஷாஃப்ட் சுற்றுவதுதான் விகிதம். இரண்டு சுற்றோடு நிறுத்தினால், கடைசித் துண்டு முக்கால் சுற்றா, முக்காலைத் தாண்டியதா என்று கண்ணால் சொல்ல முடியாது. அதற்குப் பாய் சொல்லித்தந்த வழி, பதினாறு சுற்று. பினியனில் 8 பல் என்றால் பதினாறு சக்கரச் சுற்றுக்குக் கிரவுன் எட்டுச் சுற்று வரும், ஷாஃப்ட்டின் கோடு கிளம்பிய இடத்துக்கே துல்லியமாகத் திரும்பும். எண்ணிக்கை 43 என்றால் 43 பல், 39 என்றால் 39 பல். அரை, கால் என்ற பேச்சே இல்லை.

பின்னால் 39. முன்னால் 43. மகள் இரண்டு முறையும் சத்தமாக எண்ணினாள். நம்பாமல் மூன்றாவது முறையும் சுற்றினேன். எதிர்வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

பத்து சதவீதம் வித்தியாசம். கேட்க அற்பமாகத் தெரியலாம். என் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர் ஓடும். 100 மீட்டர் போவதற்குள் முன் ஷாஃப்ட் பின் ஷாஃப்ட்டைவிட 22 சுற்று அதிகமாகச் சுற்றியாக வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தில் இரண்டு ஷாஃப்ட்டும் டிரான்ஸ்பர் கேஸில் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்கின்றன. அந்த 22 சுற்றும் எங்கே போகும்? மணலில் டயர் வழுக்கித் தீர்த்துக்கொண்டது. தாரில் வழுக்க வழியில்லாமல் கிராஸ் போனது. 4.10, 4.11 போன்ற நூலிழை வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், இதை முடியாது. இரண்டும் ஒரே விகிதமாக இருந்தாலும், நடு டிஃபரன்ஷியல் இல்லாத இந்த வகை வண்டியில் காய்ந்த தாரில் நான்கு சக்கர இயக்கம் போடவே கூடாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓடுகின்றன.

இனி, எந்தப் பக்கத்தை மாற்றுவது? பாயின் விளக்கம் இரண்டே சொல்: “பெரிய எண் இழுக்கும், சிறிய எண் ஓடும்.” நான் ஓட்டத்தைத் தேர்ந்தேன். வாரத்தில் ஆறு நாள் வேளச்சேரி, கிண்டி என்று ஓடும் வண்டிக்கு இழுவை எதற்கு என்று நினைத்தேன். முன்னால் இருந்த 43/8ஐக் கழற்றி, கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டேன். புதுப்பேட்டையில் ஒரு கடையில் 39/8 ஜோடி வாங்கினேன்.

ஜோடி என்றுதான் சொன்னார்கள். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்படுபவை. இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள். அந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாட்டியபின் 50ஐத் தாண்டியதும் ஊளை. கழற்றிப் பார்த்தால் இரண்டிலும் வெவ்வேறு எண்: ஏதோ இரண்டு வண்டிகளின் மிச்சங்களைச் சேர்த்து எனக்குக் கல்யாணம் பண்ணி வைத்திருந்தார்கள். கடைக்காரர் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு நாளில் எண் பொருந்திய வேறொரு ஜோடியைக் கொடுத்தார். பழைய கிரவுன் வாங்கப் போகிறவர்கள் ஒரு துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கொண்டுபோங்கள். துடைத்தால்தான் எண் தெரியும்.

4.88உடன் மூன்று ஆண்டுகள். முதல் ஆண்டு அருமை. மாமல்லபுரம் வரை 70இல் எஞ்சின் கத்தாமல் போகலாம், லிட்டருக்குப் பதினொன்று கிடைத்தது. 2016இல் ஆசைப்பட்டு 31 அங்குல டயர் போட்டேன். அதுவரை இருந்த 235/75 ஆர்15 டயரின் உயரம் ஏறக்குறைய 28.9 அங்குலம். டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகும், அதாவது இழுவை குறையும். 4.88ஐ 28.9ஆல் பெருக்கி 31ஆல் வகுத்தால் 4.55. கிரவுனைத் தொடாமலேயே கிரவுனை மாற்றிவிட்டேன். அதுவும் தப்பான திசையில்.

அது கொல்லிமலையில் தெரிந்தது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் நான்கு பேர், கூடாரம், தண்ணீர் கேன். இரண்டாம் கியரில் வளைவுக்குள் நுழைந்தால் எஞ்சின் திணறும். முதல் கியருக்கு வந்தால் அது கத்தும், கிளட்சை அரைகுறையாக மிதித்தே சமாளிக்க வேண்டும். முப்பதாவது வளைவில் கருகல் வாடை. நாமக்கல்லில் கிளட்ச் பிளேட் மாற்றி, மறுநாள் ஊர் திரும்பினோம். 2.1 லிட்டர் பெஜோ டீசல் எஞ்சினுக்கு டர்போ கிடையாது. அதனிடம் இல்லாத வலுவைக் கிரவுன்தான் ஈடுகட்ட வேண்டும்.

நண்பர் ஒருவர், கிளட்சை மாற்றி முடித்த அதே வாரத்தில், 3.73 போட்டால் நெடுஞ்சாலையில் பறக்கலாம் என்றார். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வேகத்தை நிமிடத்துக்கு மீட்டராக்கி, டயர் ஒரு சுற்றுக்கு ஓடும் தூரத்தால் (31 அங்குலத்துக்கு ஏறக்குறைய 2.4 மீட்டர்) வகுத்து, விகிதத்தால் பெருக்க வேண்டும். என் வண்டியின் டாப் கியர் நேர் இணைப்பு என்பதால் கியருக்குத் தனிக் கணக்கு இல்லை. 31 அங்குல டயரில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 3.73இல் எஞ்சின் 2,070, 4.88இல் 2,710, 5.38இல் 2,990 சுற்று. 2,070இல் இந்த எஞ்சினால் எதிர்க்காற்றைக்கூடத் தள்ள முடியாது. போதாததற்கு, டானா 44 வகை ஆக்சிலில் 3.73 வரைக்கும் ஒரு கேரியர் (கிரவுனைத் தாங்கும் கூடு), 3.92இலிருந்து மேலே வேறு கேரியர். கிரவுனை மட்டும் வாங்கி வந்தால் பல் சேராது. 4.88இலிருந்து 5.38க்குப் போகக் கேரியர் மாற வேண்டியதில்லை.

2018இல் 5.38க்கே திரும்பினேன். முன்னாலுக்குப் பரணில் இருந்த பழைய ஜோடி. துரு ஒரு பொட்டும் இல்லை. பின்னாலுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதியது, இம்முறை எண் பார்த்து வாங்கினேன். பொருத்துவதுதான் பெரிய வேலை. பாய் பற்களில் நீல மை தடவி, சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பார். விழவில்லை என்றால் மறுபடி கழற்றி, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம்மை மாற்றுவார். இரண்டு பற்களுக்கு இடையிலான ஆட்டம் 0.15இலிருந்து 0.25 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். டயல் கேஜ் வைத்து நான்கு இடங்களில் அளந்தார். ஒன்றரை நாள் போனது. “காதால் பொருத்துகிறேன்” என்று சொல்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். முதல் முப்பது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, ஆறவிட்டு, 800 கிலோமீட்டரில் 90 ஆயிலை மாற்றினோம். வடித்த ஆயிலில் வெள்ளித் தூள் போல மினுமினுத்தது. புதுக் கிரவுனுக்கு அது இயல்பு என்றார் பாய்.

அதன்பின் 48,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கொல்லிமலைக்கு மறுபடி போனேன். வளைவுக்குள் இரண்டாம் கியரே போதுமானதாக இருந்தது, கிளட்சில் கால் வைக்கவில்லை. 31 அங்குல டயரோடு 5.38 என்பது பழைய டயரில் 5.01க்குச் சமம், முதலில் பரணில் போட்ட 5.38க்கும் பிறகு கழற்றிய 4.88க்கும் நடுவில் வந்து நிற்கிறேன். நட்டம் இல்லாமல் இல்லை. லிட்டருக்குப் பத்துதான் தருகிறது. 80இல் பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமானால் கத்த வேண்டும். நீண்ட பயணத்துக்கு என் மனைவி ரயிலில் டிக்கெட் எடுத்துவிடுகிறார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீரில் எங்கள் தெருவிலிருந்து இரண்டு குடும்பங்களை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. லோ ரேஞ்ச் (டிரான்ஸ்பர் கேஸின் மெதுவான நிலை), முதல் கியர், அலை எழும்பாத நிதானம். கிளட்சை நழுவவிடாமல் அப்படி நகர முடிந்தது இந்தக் கிரவுனால்தான். ஆனால் ஆக்சிலின் காற்றுக் குழாய் குட்டையாக இருந்ததை மறந்திருந்தேன். அதன் வழியே தண்ணீர் புகுந்து, மறுவாரம் வடித்த ஆக்சில் ஆயில் காப்பி நிறத்தில் இருந்தது. இப்போது குழாயை பானெட் உயரத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கிறேன்.

அண்மையில் நண்பர் ஒருவர் தன் மாருதி ஜிம்னியில் 4.09தான், உன் 5.38 ஏன் இவ்வளவு என்று கேலி செய்தார். ஆக்சில் எண்ணைத் தனியாக எடுத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஐந்து கியர் மேனுவல் ஜிம்னியின் முதல் கியர் 4.425, லோ 2.002, அவற்றோடு 4.09ஐப் பெருக்கினால் 36. 1953இல் வந்த வில்லிஸ் சிஜே-3பி ஜீப்பில் முதல் கியர் 2.798, லோ 2.46, ஆக்சில் 5.38, பெருக்கினால் 37. இந்தியாவில் ஜிம்னி வந்தது 2023இல். எழுபது ஆண்டு இடைவெளியில், ஊர்ந்து போகும் வேகம் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறது. இதைக் கணக்கோடு சொன்னதும் அவர் பேச்சை மைலேஜுக்கு மாற்றிவிட்டார்.

இரண்டு ஆக்சில் கூடுகளிலும் வெள்ளை பெயின்டால் 43/8 என்று எழுதிவைத்திருக்கிறேன். புயல் தண்ணீரில் பின்னால் இருந்தது பாதி அழிந்தது, மறுபடி எழுதினேன். கழற்றிய 39/8 ஜோடிகள் இரண்டும் அதே பரணில், அதே சாக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு போகிக்கும் வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சு வரும். இதுவரை நான் கொடுக்கவில்லை.