காரைக்குடி பழஞ்சாமான் கடை: எந்த வீட்டுச் சாமான் என்று கேட்டு வாங்குங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் வரிசையாக இருப்பது ஊரறிந்த விஷயம். அதில் ஒரு கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று கடைக்காரத் தம்பி சொல்லிவிட்டார். விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏற்கெனவே அதிகமாம். அடையாளம் சொல்கிறேன்: வாசலில் தேக்குத் தூண்களைச் சாய்த்து வைத்திருப்பார், உள்ளே ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும், கல்லாவுக்கு மேலே முகம் பார்க்க முடியாத அளவுக்கு ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருக்கும்.

எனாமல் பாத்திரத்துக்கு இந்தக் கடைக்கு இணை இல்லை. தூக்குச் சட்டி, அடுக்கு கேரியர், மூடி போட்ட கிண்ணம் என்று கூரைவரை அடுக்கியிருக்கிறார். அடியைத் திருப்பிப் பார்த்தால் சுவீடன், ஜப்பான், செக்கோஸ்லோவாக்கியா என்று முத்திரை இருக்கும். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் கப்பலில் கொண்டுவந்தவை. பெண்ணுக்குக் கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது டஜன் கணக்கில் வைத்து, அப்புறம் சாமான் அறையில் பூட்டிவிடுவார்கள். அதனால் பல பாத்திரங்களில் ஒருநாள்கூடச் சோறு விழுந்திருக்காது. பச்சைக் கரை போட்ட மூன்றடுக்குக் கேரியருக்கு 2,800 ரூபாய் சொன்னார், 1,900க்கு வாங்கினேன். ஓரத்தில் ஒரு இடத்தில் பூச்சு உதிர்ந்திருந்தது. அதை அவராகவே காட்டினார், அது எனக்குப் பிடித்தது.

நான் தேவகோட்டைக்காரி. கல்யாணமாகி அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் போய், பிள்ளைகள் தலையெடுக்கும்வரை அங்கே கேசினோ என்கிற சூதாட்ட விடுதிகளில் வேலை பார்த்தேன். ஆரம்பத்தில் எனக்குக் கிடைத்தது சில்லறை மாற்றிக் கொடுக்கும் வேலை. இடுப்பில் கனமான பட்டை, அதில் காகிதத்தில் சுருட்டிய குவார்ட்டர் (கால் டாலர்) காசுகள். காசு போட்டு ஆடுகிற ஸ்லாட் மெஷின் வரிசைகளுக்கு நடுவே ராத்திரி ஷிப்ட் முழுக்க நடக்க வேண்டும். காசு பட்டுப் பட்டு விரல் கறுத்துப்போகும். அதற்காகவே வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஆடுகிற பாட்டிகள் உண்டு. ஜெயித்த காசை அள்ளிக்கொள்ள விடுதி பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் டப்பா தருவோம். அப்போதெல்லாம் 1,200 டாலரோ அதற்கு மேலோ விழுந்தால் மெஷின் அப்படியே நின்றுவிடும். ஆள் வந்து வரிப் படிவத்தில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பணம். 2000க்குப் பிறகு மெஷின்கள் காசுக்குப் பதில் காகிதச் சீட்டு துப்ப ஆரம்பித்தன. காசு விழும் சத்தத்தைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டார்கள். சில்லறைக்கும் வேலை போயிற்று, எங்களுக்கும் போயிற்று. நான் காசாளர் கூண்டுக்கு மாறினேன். அதற்குத் தோதில்லாத சிலர் வீட்டோடு இருந்துவிட்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஊரிலும் பழஞ்சாமான் வாங்கியிருக்கிறேன். அங்கே ஒரு விடுதிக்கு வயதானால் வெடி வைத்துத் தகர்ப்பார்கள். 1958இல் திறந்த ஸ்டார்டஸ்ட்டை 2006 நவம்பரில் மூடி, 2007 மார்ச்சில் நடுராத்திரிக்கு மேல் வாணவேடிக்கை விட்டுத் தரைமட்டமாக்கினார்கள். ரிவியரா 1955இல் திறந்தது, 2015 மே மாதம் மூடினார்கள். மூடிய கையோடு உள்ளே இருந்ததையெல்லாம் ஊர்க்காரர்களுக்கு விற்றார்கள்: கட்டில், நாற்காலி, திரைச்சீலை, எல்லாம். நானும் போய் ஒரு மேஜை விளக்கு வாங்கினேன். எந்த அறையில் இருந்தது என்று கேட்டேன். விற்றவருக்குத் தெரியவில்லை, தெரிந்திருக்கவும் முடியாது. அறைக்கு அறை அதே விளக்குத்தானே.

இந்தத் தம்பியிடம் அப்படி இல்லை. எதைத் தொட்டாலும் ஊர், தெரு, பங்காளி கணக்கு எல்லாம் வரும். "ஆச்சி, அது கோனாபட்டு வீட்டு மரவை. பதினோரு பங்கு. பாதிப் பேர் மலேசியா, சிங்கப்பூர்ல இருக்காங்க, மராமத்துக்குப் பணம் போட ஆளில்லை. ஓடு பிரிச்சப்ப நானும் கூட நின்னேன்." (மரவை என்றால் மரத்தில் கடைந்த பாத்திரம். நான் நகரத்தார் வீட்டுப் பெண் இல்லை. இந்தத் தெருவில் தலை நரைத்த எல்லாப் பெண்களும் ஆச்சிதான்.) முதலில் ஓடு, அப்புறம் உத்தரம், நிலை, தூண், கடைசியில் தரைக்கல் என்று வீட்டைப் பிரிக்கிற வரிசையை அவர் சொல்லக் கேட்க வேண்டும். சுவர் மட்டும் யாருக்கும் ஆகாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு, கண்ணாடி மாதிரி பளபளக்கும், பெயர்த்தால் தூள்தான். ஒரு வீட்டைப் பிரித்து விற்கிறவரைப் பாராட்டுவதா என்று என் தங்கை சண்டைக்கு வருகிறாள். பங்காளிகள் கூடிக் கையெழுத்துப் போட்ட பிறகு இவரைத் திட்டி என்ன செய்ய? இவராவது எந்த வீட்டுச் சாமான் என்று நினைவு வைத்திருக்கிறார். என்னைக் கேட்டால் நாம் கொடுக்கிற காசில் பாதி அதற்குத்தான்.

வேகாஸிலும் பிரித்துக் காப்பாற்றியது உண்டு. லா காஞ்சா என்ற மோட்டலின் வரவேற்பறை, சிப்பி போல வளைந்த கான்கிரீட் கூரை. அதைத் துண்டு துண்டாக அறுத்துக் கொண்டுபோய், பழைய விளக்குப் பெயர்ப்பலகைகளைச் சேர்த்து வைத்திருக்கிற நியான் மியூசியத்தில் மறுபடி சேர்த்து நிறுத்தியிருக்கிறார்கள். அதன் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். பின்னால் திறந்த வெளியில் ஸ்டார்டஸ்ட்டின் பெயர்ப்பலகை எழுத்துகள் கிடக்கின்றன. அவற்றின் வெளிச்சத்தில் எத்தனையோ விடியற்காலை பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறேன், இப்போது டிக்கெட் எடுத்துப் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் இதற்கு ஈடு, சென்னைக்குத் தெற்கே தக்ஷிணசித்ரா அருங்காட்சியகத்தில் இங்கிருந்து பிரித்துக் கொண்டுபோய்க் கட்டிய செட்டிநாட்டு வீடு. பார்க்காதவர்கள் பார்க்கலாம். ஆனால் அங்கே எதையும் விலைக்குக் கேட்க முடியாது.

சரி, குறைகள். எதிலும் விலைச்சீட்டு கிடையாது. முகத்தைப் பார்த்து விலை சொல்கிறார். கழுத்தில் கேமரா தொங்கினால் ஒரு விலை, மஞ்சள் பை தொங்கினால் ஒரு விலை. வெளியூர்க்காரர்கள் முதலில் சொல்கிற விலையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். கேசினோவில் நேரம் தெரியக் கூடாது என்று கடிகாரமே வைக்க மாட்டார்கள். இங்கே சுவர் நிறையக் கடிகாரம், ஒன்றும் ஓடவில்லை. விளைவு ஒன்றுதான், மதியச் சாப்பாடு தப்பிவிடும்.

பின்கட்டில் இருக்கும் பித்தளைச் சிலைகளை நம்பாதீர்கள். அவை பழசே இல்லை, கறுக்க வைத்த புதுசு. கேட்டால் ஒத்துக்கொள்வார், கேட்காவிட்டால் வாய் திறக்க மாட்டார். இது சரியில்லை. ரவிவர்மா படங்களிலும் பாதி புது அச்சு. சட்டத்தின் பின்பக்கம் திருப்பி, ஆணி துருப்பிடித்திருக்கிறதா, பலகையில் பூச்சி அரித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். மரச்சாமானில் வார்னிஷ் வாசனை அடித்தால் நகர்ந்துவிடுங்கள்.

பெரிய செம்பு அண்டா ஒன்று இருக்கிறது. வளவில் (வீட்டின் நடுக்கட்டில்) நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழும்போது மூலையில் வைத்துப் பிடிப்பது. வேகாஸில் வருடம் முழுக்கப் பெய்தாலும் நாலு அங்குலம் மழைதான். குடிக்கிற தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் கொலராடோ ஆற்றிலிருந்து, மீட் ஏரி வழியாக வருகிறது. புல்தரையைப் பெயர்த்தெடுத்தால் தண்ணீர் வாரியமே சதுர அடிக்கு இவ்வளவு என்று பணம் தருகிறது, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார். தம்பி இதை நம்பவே இல்லை, புல்லுக்கா காசு என்று சிரித்தார். அந்த அண்டாவை ஒரு ஹோட்டல்காரர் பேசி வைத்திருக்கிறாராம், வரவேற்பறையில் ரோஜா இதழ் மிதக்கவிட.

பில் கேட்டால் எழுதித் தருவார், கேளுங்கள். கண்ணாடிச் சாமானை வைக்கோல் வைத்து நன்றாகக் கட்டுகிறார், கேரியர் கீறல் இல்லாமல் வீடு வந்தது. லாரி ஆபீசுக்கு அனுப்பும் கூலி தனி. அதையும் விலை பேசும்போதே பேசிவிடுங்கள். நிலைக்கதவு வாங்குகிறவர்கள் வீட்டு வாசலையும் மாடிப்படி அகலத்தையும் அளந்துகொண்டு போகவும். சென்னையில் நாலாவது மாடிக்கு வாங்கிப்போய், லிப்ட்டிலும் ஏறாமல் படியிலும் திரும்பாமல் வந்துவிட்ட கதவு ஒன்று கடையில் நிற்கிறது. அதற்கு மட்டும் பேரமே வேண்டாம், அவராகவே குறைத்துச் சொல்வார்.