விலை குறைந்த எஃப்ஜிஎஃப்-2 புரதத்தை மொத்தமாக வாங்கலாமா? நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

எங்கள் ஆய்வகத்துக்கு, செல் வளர்ச்சியைத் தூண்டும் மனித எஃப்ஜிஎஃப்-2 புரதத்தை வழங்கும் நிறுவனம் அண்மையில் அதன் விலையைக் கணிசமாகக் குறைத்திருக்கிறது. ஸ்டெம் செல் ஆய்வகம் ஒன்றைப் புதிதாகத் தொடங்கியுள்ள நண்பர், இந்தச் சமயத்தில் ஓராண்டுத் தேவைக்கு மொத்தமாக வாங்கி வைத்துவிடலாமா என்று கேட்டார். பல ஆண்டுகளாக இதே புரதத்தைக் கொண்டு மனித ஐபிஎஸ் செல்களை (முதிர்ந்த செல்களை மாற்றியமைத்துப் பெறும் ஸ்டெம் செல்களை) வளர்த்து வருவதால், அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈ. கோலை பாக்டீரியாவில் உற்பத்தியாகும் இந்தப் புரதம், ஏறத்தாழ 17 கிலோடால்டன் எடையுள்ளது. சர்க்கரைச் சங்கிலிகள் இல்லாமலேயே முழுமையாகச் செயல்படக்கூடியது. தூய்மையைச் சோதிக்க ஜெல்லில் ஓட்டிப் பார்த்த போதெல்லாம் ஒற்றைப் பட்டையாகவே தெரிந்திருக்கிறது. ஒரு லாட் (உற்பத்தித் தொகுதி) தீர்ந்து அடுத்ததற்கு மாறும்போதும் செல்கள் அதை உணர்ந்ததாகத் தெரியவில்லை. செல்கள் வளரும் சத்துத் திரவமான ஊடகத்தில் இது போதிய அளவு இருக்கும் நாளில், செல்கள் நெருங்கி அமைந்து, விளிம்பு கூராக வெட்டியதுபோல் நிற்கும் காலனிகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது இன்றும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது. தூய்மையிலும் செயல்திறனிலும் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஆனால் இன்குபேட்டரின் 37 டிகிரி வெப்பத்தில் இதன் ஆற்றல் பாதியாகக் குறைவதற்குப் பத்து மணி நேரமே போதும். இதன் அமைப்பில் சிஸ்டீன் என்னும், கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் நான்கு உள்ளன. அவற்றில் வெளிப்புறம் தெரியும் இரண்டும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துத் திரளச் செய்கின்றன. மடிப்பும் உடல் வெப்பத்தில் அவ்வளவு உறுதியானதன்று. உடலுக்குள் செல்களைச் சுற்றியுள்ள ஹெப்பரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலி இதைப் பற்றிக்கொண்டு காக்கிறது. வளர்ப்புத் தட்டிலோ அந்தக் காவல் போதுவதில்லை. ஸ்டெம் செல் ஆய்வாளர் ஜேம்ஸ் தாம்சனின் ஆய்வகம் 2011இல் வெளியிட்ட ஈ8 ஊடகத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம், அதாவது அரை லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் சேர்க்கிறோம். அதில் பெரும்பகுதி மறுநாள் காலைக்குள் பயனற்றுப் போகிறது. அளவு குறைந்தால் காலனிகளின் விளிம்பு தட்டையாகி, செல்கள் தாமாகவே வேறு வகையாக மாறத் தொடங்கும். அதைத் தவிர்க்க நாள்தோறும் ஊடகத்தை மாற்றியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் இதற்கு விதிவிலக்கல்ல. எங்கள் ஆய்வு மாணவர்களின் விடுமுறையைத் தீர்மானிப்பது பல்கலைக்கழகம் அன்று, இந்தப் புரதம்தான்.

எனக்குக் கோபம் வருவது குப்பியுடன் வரும் தாளைப் படிக்கும்போது. உலர்த்திய தூளை எத்தனை மாதம் வைக்கலாம், கரைத்த பின் எந்தக் குளிரில் வைக்கலாம், ஏன் மீண்டும் மீண்டும் உறையவைக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் விரிவாக இருக்கிறது. 37 டிகிரியில் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. செயல்திறன் சான்றிதழும் எலியின் 3டி3 செல்கள் எவ்வளவு பெருகின என்பதைத்தான் காட்டுகிறது. புதிதாகக் கரைத்த புரதத்தின் வீரியத்தை அதிலிருந்து அறியலாம். நாளைக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை அறிய முடியாது. வாங்குபவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

ஹெப்பரான் சல்பேட்டை ஒத்த ஹெப்பாரினை ஊடகத்தில் சேர்த்தால் புரதம் கூடுதல் நேரம் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படும் ஒரு பொருளைச் சேர்த்தபின், விலங்குப் பொருள் கலவாத ஊடகம் என்று அதைச் சொல்ல முடியாது.

இதற்கான உண்மையான தீர்வு 2018இல் வெளிவந்துவிட்டது. செக் நாட்டின் புர்னோ நகரிலுள்ள மசாரிக் பல்கலைக்கழகக் குழு, கணினிக் கணிப்பின் துணையோடு ஒன்பது அமினோ அமிலங்களை மாற்றி உருவாக்கிய எஃப்ஜிஎஃப்-2 ஜி3 வடிவம், 37 டிகிரியில் இருபது நாட்களுக்கும் மேலாகச் செயல்திறனைத் தக்கவைத்துக்கொள்கிறது. சிகாகோவில் பால் பர்ரிட்ஜ் குழு 2020இல் வெளியிட்ட பி8 ஊடகம் இதைப் பயன்படுத்தித்தான் வார இறுதி வேலையைத் தவிர்த்தது. எங்கள் வளர்ப்புகளில் ஒரு பகுதியை இதற்கு மாற்றிவிட்டோம்; காலனிகளில் வேறுபாடு தெரியவில்லை. செல்களை வேறு வகையாக மாற்றும் சோதனைகளில், சமிக்ஞை விரைவாக மங்க வேண்டிய கட்டங்களுக்கு மட்டும் பழைய புரதத்தையே வைத்திருக்கிறேன். அங்கே அதன் குறுகிய ஆயுள் பயன்படுகிறது.

ஆகவே நண்பருக்கு நான் சொன்ன பதில்: வாங்க வேண்டாம், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். நாள்தோறும் ஊடகத்தை மாற்றும்போது வீரியம் இழந்த எஃப்ஜிஎஃப்-2 மட்டும் வெளியேறுவதில்லை. இன்னும் பயன்படக்கூடிய இன்சுலினும், இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரினும் அதனுடன் சேர்ந்து கழிவுக் குடுவைக்குப் போகின்றன. அந்தச் செலவு குப்பியின் விலைப்பட்டியலில் வருவதில்லை.