டாரோட் கட்டோடு நாலு வருடம்: என் கோபமெல்லாம் அந்தக் கைநூலில்தான்

என்னோடு வேலை செய்கிற தங்கச்சி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "அக்கா, நீங்கள் வச்சிருக்கிற அந்தச் சீட்டுக்கட்டு இப்ப விலை குறைஞ்சிருக்கு. வாங்கட்டா?" தேத்தண்ணி நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

டாரோட் என்றால் குறி பார்க்க எடுக்கிற படச்சீட்டுகள். என்னுடையது பலரும் வைத்திருக்கிற அதே ரைடர் வெயிட் என்ற கட்டு, 78 சீட்டு. உப்புவெளிக் கடற்காற்றுக்கு ஓரங்கள் பொருமி, கலைக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டும். பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கத் தொடங்கிய பிறகு பரவாயில்லை. பொறுக்க முடியாதது, கட்டோடு வந்த சின்னக் கைநூல். ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு வரி. நேராக விழுந்தால் இது, தலைகீழாக விழுந்தால் அது. வாள்கள் ஆறு என்ற சீட்டு விழுந்தால் "நீர்வழிப் பயணம்". முதல் வருடம் அது வந்த போதெல்லாம் வெளிநாட்டில் இருக்கிற தம்பி வரப்போகிறான் என்று அம்மாவிடம் சொன்னேன். அவ அரிசி இடித்து மா வறுத்து வைத்தா. அவன் வரவில்லை. அந்த மா வண்டு பிடித்துக் கொட்டுப்பட்டது.

கைநூலை மூடிவிட்டுப் படத்தைப் பார்க்கத் தொடங்கியதும்தான் எனக்கு இந்தக் கட்டுப் பிடித்தது. 1909இல் லண்டனில் வெளிவந்த இதற்குப் படம் வரைந்தவர் பமிலா கோல்மன் ஸ்மித். அதற்கு முந்திய பெரும்பாலான கட்டுகளில் சின்னச் சீட்டுகள் என்று சொல்கிற, கிண்ணம், வாள் என்று வகை பிரித்து எண்ணிட்ட சீட்டுகளில் ஐந்து கிண்ணம், ஆறு வாள் என்று எண்ணிக்கைதான் இருக்கும். இவர் அந்தச் சீட்டுகளுக்கும் ஆட்களை வரைந்தார்.

வாள்கள் ஆறைக் கிட்ட வைத்துப் பாருங்கள். படகில் ஒரு பெண், போர்த்து மூடிக் குனிந்திருக்கிறாள், பக்கத்தில் பிள்ளை. முதுகுதான் நமக்குத் தெரியும். ஆறு வாளும் படகிலேயே குத்தி நிற்க, அவற்றோடுதான் போகிறார்கள். எனக்கு ஏழு வயதில் மூதூரிலிருந்து லாஞ்சில் கொட்டியாரக் குடாவைத் தாண்டித் திருகோணமலைக்கு வந்தது அப்படித்தான். அம்மா தையல் மெஷினைச் சேலையால் சுற்றி, இறங்கும் வரைக்கும் ஒரு கையை அதன்மேலேயே வைத்திருந்தா. எனக்கு இந்தச் சீட்டு அந்த மெஷின்தான். கைநூலில் அது எங்கே இருக்கிறது?

இரண்டு வருடத்துக்கு முன் கொழும்புக்கு இடமாற்றம் வரும்போல் இருந்தது. போவதா விடுவதா என்று மூன்று சீட்டு வைத்தேன். இடது பக்கம் கிண்ணங்கள் ஐந்து, நடுவில் வாள்கள் ஆறு, வலது பக்கம் கிண்ணங்கள் நான்கு. கைநூல்படி இழப்பு, பயணம், சலிப்பு. அதை வைத்து என்ன செய்வது? ஆட்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று மட்டும் பார்த்தேன். ஐந்தில் கறுப்புப் போர்வைக்காரர் கவிழ்ந்த மூன்று கிண்ணத்தைப் பார்த்து நிற்கிறார். கவிழாத இரண்டும் அவருக்குப் பின்னால். ஆறில் எல்லாருக்கும் முதுகு. நான்கில் மேகத்திலிருந்து ஒரு கை கிண்ணம் நீட்ட, மரத்தடிப் பொடியன் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறான். மூன்று சீட்டிலும் பக்கத்தில் இருப்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

அம்மாவிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று இரவே கேட்டேன். அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மெஷினையும் கொண்டு போகலாமோ?" என்றா. இடமாற்றம் பிறகு இரத்தாகிவிட்டது. அதைச் சீட்டு சொல்லவில்லை; சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டும், தங்கச்சி, நீ இப்போது வாங்காதே. தம்பி இந்த வருடமும் வரமாட்டானாம், நேற்றுத்தான் போன் எடுத்தான். என் மனம் சரியில்லாமல் இப்படிச் சொல்லவும் கூடும். ஆனால் உனக்குத் தெரிய வேண்டியது விசா வருமா வராதா என்பது. பத்திரகாளி அம்மன் வாசலில் பூக்கட்டிப் பார், சிவப்போ வெள்ளையோ ஒரே தடவையில் தெரிந்துவிடும். இந்தக் கட்டு கையில் இருந்தால் பிடித்த பதில் வரும்வரை இன்னொன்று, இன்னொன்று என்று எடுத்துக்கொண்டே இருப்பாய். நான் எடுத்திருக்கிறேன், விடிய இரண்டு மணி வரைக்கும்.

விசா விஷயம் முடிந்த பிறகு வீட்டுக்கு வா. என் கட்டைத் தாறன், ஒரு மாதம் வைத்துப் பார். கைநூலைத் தரமாட்டேன்.